இரயிலால் நிற்க முடியாது, நம்மால் முடியும்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஓய்வு பெற்ற இரயில் ஓட்டுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழா மேடையில் கல்வியின் சிறப்பையும் தாய்மொழியின் பெருமையையும் பேசுவது வழக்கம். அவற்றைப் பேச என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் இரயில் ஓட்டிப் பிழைத்தவன். என்னை அழைக்க வந்தபோது தலைமையாசிரியர் சொன்னார்: "ஐயா, நம்ம பிள்ளைங்க நிறைய பேர் இரயில் கேட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்கு வர்றாங்க. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க, அது போதும்." அதனால், சாலையும் தண்டவாளமும் குறுக்கே சந்திக்கிற அந்த ஓரிடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நீங்கள் சாலையிலிருந்து பார்த்த கேட்டை நான் எஞ்சினிலிருந்து பார்த்தவன். அந்தப் பக்கத்துச் சேதியைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

இருப்புப்பாதையும் நாமும்

இந்த நாட்டில் முதல் இரயில் ஓடியது 1885-ஆம் ஆண்டு சூன் மாதம் முதல் நாள். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை, ஏறக்குறைய எட்டு மைல் தூரம். அந்தப் போர்ட் வெல்டுதான் இன்றைய கோலா செப்பெத்தாங். அதற்குப் பிறகு காடு வெட்டி, மண் கொட்டி, சிலீப்பர் கட்டை போட்டு, பாதை நீண்டுகொண்டே போயிற்று. அந்த வேலையில் நம் முன்னோர்களின் வியர்வை நிறையவே கலந்திருக்கிறது. கிம்மாஸில் பிரிந்து, பகாவ், மெந்தகாப், ஜெராண்டுட், கோலா லிப்பிஸ், குவா மூசாங் வழியாகத் தும்பாட் வரை போகிறதே நம்முடைய கிழக்குக்கரைப் பாதை, அது 1931-இல் முழுமை பெற்றது. போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் இதில் ஒரு பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். தண்டவாளத்தோடு நம் தோட்டத்து மக்களையும் ஆயிரமாயிரமாகக் கொண்டு போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. ஆகவே, இரயில் நமக்கு அந்நியப் பொருள் அல்ல. நம் வீட்டுக் கதைகளில் அது இருக்கிறது.

பழகிய பொருள் என்பதனாலேயே நமக்கு அதனிடம் பயம் விட்டுப் போயிற்று என்று நான் நினைக்கிறேன்.

மேற்குக்கரையில் நிலைமை மாறிவிட்டது. அங்கே மின்சார இரட்டைப் பாதை போட்டபோது பழைய கேட்டுகளை எடுத்துவிட்டு மேம்பாலங்கள் கட்டினார்கள். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் வரை ஓடிக்கொண்டிருந்த இரயில் 2011-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் தேதியோடு நின்றது. கிராஞ்சி ரோட்டிலும் சுவா சூ காங் ரோட்டிலும் மணி அடித்துக்கொண்டிருந்த கேட்டுகளும் அதோடு மறைந்தன. ஆனால் நம் கிழக்குக்கரைப் பாதை ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. இதன் குறுக்கே இன்றும் கேட்டுகள் உண்டு. பாலம் கட்டும் வரைக்கும் நம் கண்ணும் காதும்தான் பாலம்.

ஒரு சிறு கணக்கு

ஆறாம் ஆண்டு மாணவர்கள் எங்கே இருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். நல்லது. உங்களுக்கு ஒரு கணக்கு.

ஒரு இரயில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஒரு வினாடிக்கு எத்தனை மீட்டர் போகும்? 72,000 மீட்டரை 3,600 வினாடியால் வகுத்தால் விடை 20. அதாவது, நீங்கள் ஒருமுறை கண்ணைச் சிமிட்டி "அம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் இரயில் 20 மீட்டர் வந்துவிடும்.

இப்போது செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று, பின்னால் டிரெய்லரோடு, கேட்டைக் கடக்கிறது என்று வையுங்கள். வண்டியின் நீளம் 12 மீட்டர். தண்டவாளத்துக்கு 5 மீட்டர் முன்னால் நிற்கிறது. இரயிலின் அகலத்துக்கு 3 மீட்டர். அந்தப் பக்கம் வால் பத்திரமாக விலக இன்னும் ஒரு 5 மீட்டர். எல்லாம் கூட்டினால் 25 மீட்டர். பாரம் ஏற்றிய வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பினால், ஆள் சற்று வேகமாக நடக்கிற மாதிரித்தான் போகும். வினாடிக்கு 2 மீட்டர் என்றால் பன்னிரண்டரை வினாடி ஆகும். அந்தப் பன்னிரண்டரை வினாடியில் இரயில் எவ்வளவு தூரம் வந்திருக்கும்? 250 மீட்டர்.

இதன் பொருள் என்ன? பாதையில் வளைவு இருந்து, 200 மீட்டர் தூரம்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், "ஒண்ணும் வரலியே" என்று பார்த்துவிட்டுக் கிளம்பிய டிராக்டர்கூட பத்திரமாக விலகி முடிப்பதற்குள் இரயில் வந்துவிடும். காருக்குப் போதுமான இடைவெளி டிராக்டருக்குப் போதாது. மோட்டார் சைக்கிளுக்குப் போதுமானது லோரிக்குப் போதாது. முன்னால் போன மோட்டார் சைக்கிள் தாண்டிவிட்டதே என்று பின்னால் வரும் லோரி தொடரக் கூடாது.

"சரி, டிரைவர் பிரேக் போட மாட்டாரா?" என்று கேட்பீர்கள். போடுவோம். ஆனால் கேளுங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், காய்ந்த நல்ல சாலையில் ஏறக்குறைய 50 மீட்டருக்குள் நின்றுவிடும். ரப்பர் டயர் தார்ச் சாலையைப் பற்றிப் பிடிக்கிறது. இரயிலுக்கு இருப்பது இரும்புச் சக்கரம், இரும்புப் பாதை. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். வழுக்குவதனால்தான் அவ்வளவு பாரத்தைக் குறைந்த எண்ணெயில் இழுக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் நிறுத்தவும் முடிவதில்லை. எங்கள் டீசல் எஞ்சின்களில் சில, எஞ்சின் மட்டுமே 120 டன் எடை. பின்னால் சரக்குப் பெட்டிகள் வேறு. ஒரு சிறிய காஞ்சில் கார் ஒரு டன்கூட இல்லை. பாரம் ஏற்றிய சரக்கு வண்டி முழு பிரேக் போட்டாலும் நிற்க அரை மைல் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். காராக இருந்தால் ஒதுங்கிப் போகலாம். எங்களுக்கு ஸ்டீயரிங் கிடையாது.

ஆக, ஹாரனை அழுத்துவது, பிரேக்கைப் போடுவது என இரண்டே காரியம் எங்கள் கையில் உண்டு. அதற்குப் பிறகு ஓட்டுநர் வெறும் சாட்சி. நிற்கக் கூடியவர் சாலையில் வருகிறவர் ஒருவர்தான். நான் இன்று சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு வார்த்தைதான். மற்றவை இதற்கு விளக்கம்.

என் கண்ணால் கண்டது

இடத்தைச் சொல்ல மாட்டேன். ஆளையும் எனக்குத் தெரியாது. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாள் காலை. பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம். வளைவு திரும்பியதும் தூரத்தில் ஒரு தோட்டத்துக் கடவை. ஹாரன் அடித்துக்கொண்டேதான் வருகிறேன். ஒரு தகப்பன் மோட்டார் சைக்கிளில் வருகிறார். முன்னால் டேங்க் மேல் ஒரு பையன், பின்னால் நீலப் பினபோர் போட்ட ஒரு சிறுமி, முதுகில் அவளைவிடப் பெரிய புத்தகப்பை. அவர் நின்றார். என் வண்டியைப் பார்த்தார். நின்றுவிட்டாரே என்று எனக்கு நிம்மதி. அடுத்த நொடி என்ன நினைத்தாரோ, கிளம்பிவிட்டார்.

பிரேக்கைப் போட்டேன். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எஞ்சின் முகப்புக்குக் கீழே மோட்டார் சைக்கிள் மறைந்தது. ஓட்டுநர் ஆசனத்திலிருந்து பார்க்கும்போது மிக அருகில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. இடி விழுந்த சத்தம் வருமா வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. வண்டி கடவையைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் நின்றது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. தகப்பன் ஹேண்டிலைப் பிடித்தபடி சிலை மாதிரி நிற்கிறார். அந்தச் சிறுமி மட்டும், இரயில் நின்ற சந்தோஷத்தில், என்னைப் பார்த்துக் கை அசைத்தாள்.

அந்தத் தகப்பன் கெட்டவர் அல்லர். பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும் என்று காலையிலேயே எழுந்து, தலைவாரி, பையைத் தூக்கிக் கொடுத்து அழைத்து வந்தவர். குடிக்கவில்லை, கண் தெரியாதவரும் அல்லர். இரயிலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இன்னும் தூரம் இருக்கு" என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்குத்தான் தவறு.

நேரத்தையும் கண்ணையும் நம்பாதீர்கள்

அந்தக் கணக்கு ஏன் தவறாகிறது? பெரிய பொருள் ஒன்று தூரத்திலிருந்து நேராக நம்மை நோக்கி வரும்போது அது மெதுவாக வருவதுபோல் தோன்றும். ஆகாய விமானம் இறங்குவதைப் பாருங்கள். ஏதோ மிதந்து வருவது போல இருக்கும். உண்மையில் அது நம் காரைவிடப் பல மடங்கு வேகத்தில் வருகிறது. இரயிலும் அப்படித்தான். நேர் எதிரே வரும்போது அது பக்கவாட்டில் நகர்வது தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாவது மட்டும்தான் தெரியும். கடைசி சில வினாடிகளில்தான் திடீரென்று மலைபோல் நிற்கும். இராத்திரியில் இன்னும் மோசம். ஒரு வெளிச்சம் தெரியும். அது அரைமைலில் இருக்கிறதா, நூறடியில் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, இரயில் கண்ணுக்குத் தெரிந்தால் தூரத்தை அளக்கவே வேண்டாம். தெரிந்தால் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது, நேரம். "ஏழு மணி வண்டி போயாச்சு, இனிமே பத்து மணிக்குத்தான்" என்று சொல்லும் பெரியவர்கள் நம்மில் உண்டு. ஐயா, அட்டவணையில் இருப்பது பயணிகள் வண்டி மட்டும். சரக்கு வண்டி வரும். பாதை பழுதுபார்க்கும் வண்டி வரும். நேற்றுத் தாமதமான வண்டி இன்று வரும். எந்தத் திசையிலிருந்தும் வரும். இருபது வருடம் ஒரே கேட்டைத் தாண்டியவருக்கு ஆபத்து குறைவில்லை, கூடுதல் என்றே சொல்வேன். புதிதாக வருகிறவர் பயந்து பயந்து பார்ப்பார். பழகியவர் பார்ப்பதையே விட்டுவிடுவார்.

மூன்றாவது, காது. 1938-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் நடந்த ஒரு துயரத்தைச் சொல்கிறேன். பனிப்புயல் அடித்த காலை. ஒரு பள்ளிப் பேருந்து கடவைக்கு வந்தது. ஓட்டுநர் விதிப்படி வண்டியை நிறுத்தினார் என்றே சொல்லப்படுகிறது. ஆனால் பனியில் ஒன்றும் தெரியவில்லை. தாமதமாக வந்துகொண்டிருந்த ஒரு சரக்கு இரயில் பேருந்தின்மேல் மோதியது. ஓட்டுநரும் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்களும் மாண்டார்கள். அதன் பிறகுதான் அங்கே, பள்ளிப் பேருந்து கடவையில் நின்றால் மட்டும் போதாது, கதவைத் திறந்து காதால் கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும் என்ற விதி பரவிற்று. ஜப்பானில் பள்ளிப் பேருந்து மட்டுமல்ல, எந்த வாகனமானாலும் கடவைக்கு முன் நின்று பார்த்துவிட்டே கடக்க வேண்டும் என்பது சட்டம்.

நமக்குப் பனி இல்லை. ஆனால் மழை இருக்கிறது, கண்ணாடியை ஏற்றி ஏர்கண்டிஷன் போட்டுக்கொள்கிறோம், பாட்டு வைத்துக்கொள்கிறோம், கைத்தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். இரயிலின் ஹாரன் வெளியே கத்துகிறது. வண்டிக்குள் அது கொசுச் சத்தம்போல் ஆகிவிடுகிறது.

கேட்டைத் தாண்டும் முறை

இனி, வண்டி ஓட்டும் பெற்றோர்களுக்கும், பள்ளி வேன், பேருந்து ஓட்டும் நண்பர்களுக்கும் வரிசையாகச் சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முதலாவது, மஞ்சள் நிறச் சாய்சதுர எச்சரிக்கைப் பலகையைப் பார்த்த இடத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். பாட்டை நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்குங்கள். பின்னால் வருகிறவர் இடிக்காதபடி மெல்ல மெல்ல நிறுத்துங்கள்.

இரண்டாவது, கோட்டுக்கு முன்னால் நில்லுங்கள். கோடு அழிந்திருந்தால் தண்டவாளத்துக்கு 5 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். நம் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே ஒரு மீட்டர்தான். ஆனால் மேலே வரும் பெட்டி இரண்டரை மீட்டருக்கும் அதிக அகலம். தண்டவாளத்துக்கு வெளியேயும் இரு பக்கமும் பெட்டி நீட்டிக்கொண்டு வரும். சக்கரம் படவில்லை என்று முகப்பை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

மூன்றாவது, சிவப்பு விளக்கு எரிந்தாலும், மணி அடித்தாலும், தடுப்புக் கம்பம் இறங்கத் தொடங்கினாலும், கேட்காரர் கொடி காட்டினாலும், அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு யோசனையே கூடாது. பாதிக் கம்பம் இருக்கும் இடத்தில் வளைந்து நெளிந்து புகுந்து போவது தற்கொலைக்குச் சமம். கேட்காரரிடம் "அண்ணே, ஒரு நிமிஷம் திறந்து விடுங்க" என்று கெஞ்சுவதும், அதட்டுவதும் கூடவே கூடாது. அவர் நம் உயிருக்குத்தான் காவல் நிற்கிறார்.

நான்காவது, அந்தப் பக்கம் உங்கள் வண்டி முழுதாக நிற்க இடம் இருந்தால்தான் நகர வேண்டும். முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றால், அவை நகர்ந்து இடம் விடும் வரை இந்தப் பக்கமே இருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். ஹாரன் சத்தத்தால் யாருக்கும் உயிர் போவதில்லை.

ஐந்தாவது, ஒரு இரயில் போனதும் உடனே பாயாதீர்கள். இரண்டு பாதை உள்ள இடத்தில், போன இரயிலின் வாலுக்குப் பின்னால் எதிர்த்திசை இரயில் மறைந்து வரலாம். கம்பம் முழுதாக ஏறி, விளக்கு அணைந்து, இரு பக்கமும் மறுபடி பார்த்த பிறகே நகருங்கள்.

ஆறாவது, சின்ன கியரில் நுழைந்து அதே கியரில் வெளியேறுங்கள். தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றினால் எஞ்சின் அணைய இடம் உண்டு.

மோட்டார் சைக்கிளிலும் சைக்கிளிலும் வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மழையில் நனைந்த தண்டவாளம் சோப்புக் கட்டி மாதிரி. சாலை தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கிற இடத்தில் டயர் அந்த இடுக்கில் சிக்கி, வண்டி குப்புறத் தள்ளிவிடும். வேகத்தை முன்னாலேயே குறைத்து, ஹேண்டிலை நேராகப் பிடித்து, தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். தண்டவாளத்தின் மேல் பிரேக் போடக் கூடாது, திருப்பக் கூடாது. மழை நாளில் பிள்ளையை இறக்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

தோட்டத்துக் கடவைகளில் கேட்காரரும் இல்லை, விளக்கும் இல்லை. அங்கே ஓட்டுகிறவரே கேட்காரர். லாலாங் புல்லும் செம்பனை மட்டையும் வளர்ந்து பாதையை மறைத்தால், உதவியாளர் ஒருவர் இறங்கி, முன்னே போய், இரு பக்கமும் பார்த்துக் கை காட்டிய பிறகே டிராக்டரோ லோரியோ நகர வேண்டும். மறைக்கிற புல்லை வெட்டச் சொல்லித் தோட்ட நிர்வாகத்துக்கும் பக்கத்து ஸ்டேஷனுக்கும் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதியது நிற்கும்.

வண்டி நின்றுவிட்டால்

தண்டவாளத்தின் மேல் வண்டி நின்றுவிட்டது, கிளம்பவில்லை. என்ன செய்வது? நம்மவர்களில் பலர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கடன் கட்டி முடியாத கார் ஆயிற்றே என்று தள்ளிப் பார்ப்பார்கள். வேண்டாம். முதல் காரியம், எல்லாரும் இறங்க வேண்டும். பிள்ளைகள் முதலில். பை, பர்ஸ், கைத்தொலைபேசி, சாப்பாட்டுச் சட்டி, எதையும் எடுக்கத் திரும்பக் கூடாது.

இறங்கிய பிறகு எந்தப் பக்கம் ஓடுவது? இது முக்கியம், கவனமாகக் கேளுங்கள். இரயில் வந்துகொண்டிருந்தால், அது வரும் திசையை நோக்கி, ஆனால் தண்டவாளத்தை விட்டு நன்றாக விலகி, சாய்வாக ஓட வேண்டும். கேட்க விசித்திரமாக இருக்கும். காரணம் எளிது. இரயில் காரை இடித்தால், அது போகிற திசையில்தான் காரையும் உடைந்த துண்டுகளையும் தூக்கி எறியும். இரயில் போகும் திசையிலேயே ஓடினால், அந்தத் துண்டுகள் நம்மைத் துரத்திக்கொண்டு வரும்.

எல்லாரும் தூரமாகப் போன பிறகு, கேட்காரர் இருந்தால் அவரிடம் ஓடிச் சொல்லுங்கள். இல்லையென்றால் 999-க்கு அழைத்து, எந்தக் கடவை, எந்த ஊர்ப் பக்கம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். முன்கூட்டியே சேதி கிடைத்தால்தான் இரயிலைத் தூரத்திலேயே நிறுத்த வழி உண்டு.

இன்னொன்று. நடுவில் இருக்கும்போது இரு பக்கமும் கம்பம் இறங்கிவிட்டால் திகைத்து நிற்காதீர்கள். கம்பத்தை இடித்துக்கொண்டாவது வெளியே போங்கள். கம்பம் போனால் வேறு கம்பம் போடலாம்.

மாணவச் செல்வங்களுக்கு

இவ்வளவு நேரம் பெரியவர்களிடம் பேசினேன். இனி உங்களிடம். நீங்கள் வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் உங்களால் ஒரு பெரிய உதவி செய்ய முடியும்.

ஜப்பான் இரயில்வேயில் ஒரு பழக்கம் உண்டு. ஓட்டுநர் சிக்னலைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்த மாட்டார். கையை நீட்டிச் சுட்டிக்காட்டி, வாயாலும் உரக்கச் சொல்வார். தனியாக இருந்தாலும் சொல்வார். கண், கை, வாய், காது நான்கும் சேர்ந்து வேலை செய்தால் தவறு குறையும் என்பது அவர்கள் அனுபவம். அதையே நீங்கள் செய்யுங்கள். பள்ளி வேன் கேட்டுக்கு வந்ததும் பேச்சு, பாட்டு, சண்டை எல்லாம் நிறுத்தம். வேன் நின்றதும் இடப்பக்கம் இருப்பவர்கள் இடப்பக்கம் பாருங்கள். வலப்பக்கம் இருப்பவர்கள் வலப்பக்கம் பாருங்கள். "இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் இல்லை" என்று சொல்லுங்கள். முடிவு எடுப்பது ஓட்டுநர்தான். ஆனால் பத்து ஜோடிக் கண்கள் பார்த்தால் அவருக்கும் பலம்.

அப்பா அவசரத்தில் கிளம்பினால், "அப்பா, இரயில் போகட்டும்ப்பா" என்று சொல்லுங்கள். அது எதிர்த்துப் பேசுவது ஆகாது.

நடந்து வருகிறவர்கள் தண்டவாளத்தைப் பாதையாக்கிக்கொள்ளாதீர்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கடக்காதீர்கள். தண்டவாளத்தில் காசு வைப்பது, கல் வைப்பது, ஓடும் இரயில்மேல் கல் எறிவது எல்லாம் விளையாட்டு அல்ல, குற்றம். மேற்குக்கரையில் உறவினர் வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் இன்னொன்றும் நினைவில் வையுங்கள். அங்கே பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். அதன் பக்கத்தில் பட்டம் விடக் கூடாது, நீண்ட கம்பு தூக்கக் கூடாது. மின்சார இரயில் நம் டீசல் வண்டி போல் உறுமிக்கொண்டும் வராது.

ஒரு வேண்டுகோள்

முடிக்கும் முன் தலைமையாசிரியர் அவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவான ஒரு வேண்டுகோள். காலையில் மணி அடித்த பிறகு ஒரு பிள்ளை மூச்சு வாங்க ஓடி வந்து, "சார், கேட் மூடியிருந்திச்சு" என்று சொன்னால், தயவு செய்து அந்தப் பிள்ளையை வெளியே நிறுத்தாதீர்கள். பெயரை எழுதாதீர்கள். "நின்னு வந்தியா? நல்லது, போய் உட்காரு" என்று சொல்லுங்கள். ஏனென்றால், அன்று பிள்ளையைக் கண்டித்தால் மறுநாள் அந்தத் தகப்பன் கேட்டில் நிற்க மாட்டார். பிள்ளை திட்டு வாங்கக் கூடாதே என்ற பாசத்தினால்தான் அவர் கம்பத்துக்கு இடையில் புகுந்து வருவார். அந்த அவசரத்தை ஏற்படுத்துவதில் பள்ளிக்கூட மணிக்கும் பங்கு உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே போட்டு, கேட்டில் நின்று வரும் பிள்ளைக்குத் தாமதம் கிடையாது என்று அறிவித்தால், நம் வட்டாரத்தில் ஒரு கேட்டுக்கு இன்னொரு காவலாளி வைத்ததற்குச் சமம்.

பெற்றோர்களே, மூடிய கேட்டில் நீங்கள் காத்திருக்கும் நேரம் எவ்வளவு? மிஞ்சினால் ஐந்து நிமிடம், சில நேரம் பத்து நிமிடம். அந்த நேரத்தில் பிள்ளையிடம் வாய்ப்பாடு கேளுங்கள். நேற்று என்ன படித்தாய் என்று கேளுங்கள். பதறாத காரியம் சிதறாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சும்மா சொல்லிவைக்கவில்லை.

ஒரு விபத்து நடந்தால் சாலையில் வந்தவர் குடும்பம் மட்டும் அழுவதில்லை. எஞ்சினில் இருந்த ஓட்டுநரும் இருக்கிறார். அவர்மேல் குற்றம் இல்லை என்று விசாரணை சொல்லும், தூக்கம் சொல்லாது. இரவில் கண்ணை மூடினால் அந்த முகம் வந்து நிற்கிறது என்று சொல்லி, நல்ல ஓட்டுநர்கள் இந்த வேலையையே விட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, நீங்கள் கேட்டில் நிற்கும்போது உங்கள் பிள்ளையை மட்டும் காப்பாற்றவில்லை. எஞ்சினில் வருகிற யாரோ ஒருவருடைய மன நிம்மதியையும் காப்பாற்றுகிறீர்கள்.

இன்று இந்த மேடையில் கோப்பையும் புத்தகமும் வாங்கும் பிள்ளைகளை வாழ்த்துகிறேன். வீட்டுக்குப் போகும் வழியில் கேட் மூடியிருந்தால், அந்தக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருங்கள். இரயில் போகும்போது ஓட்டுநருக்குக் கை அசையுங்கள். நின்று கை அசைக்கும் பிள்ளையைப் பார்க்க எங்களுக்கு எப்போதும் சந்தோஷம்.